கேப் வரைக்கும்தான் அப்பாவின் ரோடு

பள்ளி விடுமுறை முடிவதற்குள் ஒரு நாளாவது கேப்புக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று என் மகன் இரண்டு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். படிவம் மூன்று படிக்கிறான். அவனுக்குப் பறவை பார்க்கும் கிறுக்கு. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் தொலைநோக்கி என்பான். ஒரு வழியாகச் சனிக்கிழமை என்று முடிவு செய்தோம். முதல்நாள் இரவு சாப்பிடும்போது இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கேப்புக்கா? நானும் வரேன்."

அப்பாவுக்கு வயது 82. கோயிலுக்கும் கிளினிக்குக்கும் தவிர வேறு எங்கும் வர மாட்டார். கெந்திங்குக்குக் கூப்பிட்டபோது, "அங்க நமக்கு என்னப்பா இருக்கு?" என்றவர். அவராகவே வருகிறேன் என்று சொன்னது எங்கள் எல்லாருக்கும் வியப்பு. ஆனால் எனக்குக் காரணம் தெரியும்.

கேப் என்பது ஊர் அல்ல. கோலகுபு பாருவிலிருந்து ரவூப் போகும் பழைய மலைச்சாலையில், சிலாங்கூர் முடிந்து பகாங் தொடங்கும் கணவாய். தித்திவாங்சா மலைத்தொடரை இந்தச் சாலை கடக்கும் இடம். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து இன்னும் 8 கிலோமீட்டர் ஏறினால் பிரேசர் மலை. பெரும்பாலோருக்குக் கேப் என்பது பிரேசர் மலைக்குப் போகும் வழியில் திரும்பவேண்டிய ஒரு முச்சந்தி. என் அப்பாவுக்கோ அது 36 ஆண்டு வேலை செய்த இடத்தின் எல்லை. 1962இல் ஜே.கே.ஆரில் ரோட்டுத் தொழிலாளியாகச் சேர்ந்து 1998இல் ஓய்வு பெறும் வரை, கோலகுபு பாருவிலிருந்து கேப் வரையிலான இந்தச் சாலையில்தான் புல் வெட்டினார், கால்வாய் தோண்டினார், தார் ஊற்றினார், சரிந்த மண்ணை அள்ளினார். அவருக்கு முன் தாத்தாவும் அதே வேலைதான்.

காலை 5 மணிக்கு ரவாங்கிலிருந்து புறப்பட்டோம். பத்தாங் காலி தாண்டி, ஆறு மணி சுமாருக்குக் கோலகுபு பாருவில் இறங்கிப் பசியாறினோம். நீங்கள் போவதாக இருந்தால் இந்த ஊரில் மூன்று காரியங்களை முடித்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குச் சாப்பாடு, வண்டிக்குப் பெட்ரோல், கழிப்பறை. இதற்கு மேல் கேப் வரை எதையும் நம்ப முடியாது. கைத்தொலைபேசிக்கும் பல இடங்களில் அலைவரிசை கிடைக்காது.

பசியாறும்போது அப்பா பேரனுக்கு ஊர்க்கதை சொல்லத் தொடங்கிவிட்டார். இப்போது நாம் பார்க்கும் ஊர் புதியது. 'பாரு' என்ற பெயரே அதைச் சொல்கிறது. பழைய கோலகுபு தாழ்வான இடத்தில் இருந்தது. 1883இல் அங்கிருந்த பழைய அணை உடைந்து, ஊரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அப்போது மாவட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஆங்கிலேய அதிகாரியும் உயிரிழந்தார். அந்த அதிகாரி ஒரு வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. பிறகும் வெள்ளம் விடவில்லை. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மணல் ஆற்றை மேடாக்கியதால் தண்ணீர் ஊருக்குள் புகுந்துகொண்டே இருந்தது. கடைசியில் 1930ஆம் ஆண்டு வாக்கில் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள்.

"முதலை எல்லாம் சும்மா, தம்பி. தண்ணிக்கு வழி விடலேன்னா அது தானா வழி பண்ணிக்கும்" என்று தேத்தண்ணியை உறிஞ்சினார் தாத்தா.

ஊரைத் தாண்டியதும் சிலாங்கூர் ஆற்று அணை. விடியற்காலை வெளிச்சத்தில் நீர்த்தேக்கத்தின் மேல் பனிமூட்டம் படுத்திருந்தது. இந்த அணைக்காகப் பழைய சாலையின் ஒரு பகுதி தண்ணீருக்குள் போனது. இங்கிருந்த தெமுவான் பூர்வகுடியினரின் கிராமங்களும் இடம் மாறின. "நாங்க போட்ட ரோடு அதுக்குள்ள கிடக்கு" என்று ஜன்னல் பக்கம் கை காட்டினார் அப்பா. அவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. பழைய வீட்டைக் காட்டுவதுபோல் காட்டினார்.

அணையைத் தாண்டினால் முப்பது கிலோமீட்டருக்குப் பெரும்பாலும் காடுதான். மலையும் ஆறும் மாறிமாறி வரும். வளைவுகளுக்கு அளவே இல்லை. வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். கிழக்கே போகும் கார்களெல்லாம் காராக் நெடுஞ்சாலைக்குப் போய்விட்டதால் இங்கே வண்டிகள் குறைவு. ஆனால் மிதிவண்டி ஓட்டுபவர்கள் நிறைய வருகிறார்கள். வளைவுகளில் மெதுவாகப் போவது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

மகன் ஒரு பக்க ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தான். அப்பா மறுபக்க ஜன்னல் வழியே தரையைப் பார்த்தார். "இங்க ஒரு குழாய் வரும்" என்பார். அடுத்த வளைவில் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிமெண்டுக் குழாயின் வாய் தெரியும். நான்கைந்து முறை இப்படிச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பேரன் பறவைகளை விட்டுவிட்டுத் தாத்தாவைப் பார்க்கத் தொடங்கினான்.

எட்டு மணிக்குக் கேப்பை அடைந்தோம். காரை விட்டு இறங்கியதும் காதில் விழுந்தது நிசப்தம். பிறகு, மலைச்சரிவின் எங்கோ கீழிருந்து சியாமாங் குரங்குகளின் கூச்சல் எழுந்தது. கழுத்துப் பையை ஊதிக்கொண்டு அவை எழுப்பும் சத்தம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். முதலில் ஒன்று ஊளையிட, இன்னொன்று சேர, மலையே பேசுவதுபோல் இருந்தது. குளிர் அதிகமில்லை. கோலாலம்பூரின் புழுக்கம் மட்டும் உடம்பை விட்டு இறங்கியிருந்தது.

அந்தக் காலத்தில் பிரேசர் மலைக்குப் போகிறவர்கள் இங்கே காத்திருக்க வேண்டும். கேப்பிலிருந்து மேலே போகும் 8 கிலோமீட்டர் சாலை ஒரு வண்டி போகும் அகலம்தான். அதனால் கதவு போட்டிருந்தார்கள். ஒரு மணிக்கு ஏறுகிறவர்கள், அடுத்த மணிக்கு இறங்குகிறவர்கள் என்று முறைவைத்து விடுவார்கள். தவறவிட்டவர்கள் அடுத்த முறை வரும் வரை கேப் ஓய்வு விடுதியில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். பழைய ஆங்கிலேயர் காலத்து விடுதி அது. இப்போது அங்கே தேநீர் கிடையாது. பிற்காலத்தில் இன்னொரு சாலையும் வெட்டினார்கள். நிலச்சரிவுகளைப் பொறுத்து எந்தச் சாலையில் ஏறுவது, எதில் இறங்குவது என்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. போவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்தச் சாலைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1951 அக்டோபர் 6ஆம் தேதி, பிரேசர் மலைக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி, கேப்புக்கு அருகே கம்யூனிஸ்டுகளின் பதுங்குத் தாக்குதலில் கொல்லப்பட்டார். பினாங்கில் கர்னி டிரைவ் என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்குரியவர் இவர்தான். வரலாற்றுப் புத்தகங்களில் இது ஒரு பத்தி. அப்பாவுக்கு அப்போது 8 வயது. அவருக்கு நினைவிருப்பது ஊரில் ஓடிய இராணுவ லாரிகளும், தாத்தா சில நாள் வேலைக்குப் போகாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்ததும்தான். "பிறகு எப்படிப்பா போனாரு?" என்று கேட்டேன். "ரோடு இருக்கே, போய்த்தானே ஆகணும்" என்றார்.

சாலையோரமாக நடக்கத் தொடங்கினோம். கேப்பில் பறவை பார்க்கக் காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. சாலையின் ஒருபக்கம் பள்ளம் என்பதால், உயரமான மரங்களின் உச்சி நம் கண்மட்டத்துக்கு வந்துவிடும். கழுத்து வலிக்காமல் பார்க்கலாம். காலை ஏழிலிருந்து பத்து வரை நல்ல நேரம். பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு கூட்டமாக மரத்துக்கு மரம் தாவி வரும். அப்படி ஒரு கூட்டம் வந்தபோது மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். பச்சை உடல், மஞ்சள் முகம், கருப்புத் தொப்பி, நீள நீல வால். பள்ளிக்கூடப் பிள்ளை வண்ணம் தீட்டியதுபோல் இருந்தது. லாங் டெயில்ட் பிராட்பில் என்று மூச்சுவிடாமல் சொன்னான். வாலின் நுனியில் இரண்டு துடுப்பைக் கட்டித் தொங்கவிட்டதுபோன்ற கரிச்சான் ஒன்றும் வந்தது. தூரத்தில் ஓர் இருவாச்சி, இறக்கை அடிக்கும் ஓசை கேட்கும்படி பள்ளத்தாக்கைக் கடந்தது.

திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணவில்லை.

ஐம்பது அடி பின்னால், சாலையின் உள்பக்கம் குனிந்து நின்றிருந்தார். கையிலிருந்த குடையின் முனையால் கால்வாயைக் கிளறிக்கொண்டிருந்தார். குழாயின் வாயில் இலையும் சுள்ளியும் அடைத்திருந்தன. அவற்றுக்கு நடுவே இரண்டு மினரல் வாட்டர் போத்தல், ஒரு நெகிழிப்பை. தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி நின்றது.

"விடுங்கப்பா. இப்ப அதுக்கெல்லாம் குத்தகைக்காரங்க இருக்காங்க" என்றேன்.

"அவங்க வர்றதுக்குள்ள மழை வந்திடும்."

அந்த நேரத்தில் மிதிவண்டியில் ஏறி வந்த சீன இளைஞர்கள் மூவர், மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் அருகில் நின்றார்கள். அப்பாவைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், "அங்கிள் என்ன செய்கிறார்?" என்று மலாயில் என்னைக் கேட்டார். கேலியில்லை, அக்கறையாகத்தான் கேட்டார்.

எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. அதற்குக் காரணம் நாற்பது ஆண்டு பழையது.

1985இல் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். முதல் வாரத்தில் ஒரு பாரம் கொடுத்தார்கள். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். பக்கத்தில் இருந்தவன் 'ஆசிரியர்' என்று எழுதியிருந்தான். அவனுக்கு முன்னால் இருந்தவன் 'கடை முதலாளி'. நான் 'அரசாங்க ஊழியர்' என்று எழுதினேன். பொய்யில்லை. ஜே.கே.ஆர். அரசாங்கம்தான். ஆனால் நான் ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்குத் தெரியும். பள்ளி பஸ் அப்பாவின் கூட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் மறுபக்க ஜன்னலைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்த்துக் கை அசைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பாரத்தில் கையெழுத்து வாங்க வீட்டுக்குக் கொண்டுபோனபோது அப்பா கேட்டார். "இதுல என்ன எழுதியிருக்க?"

"அரசாங்க வேலைன்னு."

கொஞ்ச நேரம் பாரத்தைப் பார்த்தார். "சரிதான்" என்று தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது அந்த இளைஞர் பதிலுக்குக் காத்திருந்தார். என் மகனும் என்னைப் பார்த்தான்.

"என் அப்பா. இந்த ரோட்டில் 36 வருடம் தொழிலாளியாக வேலை செய்தவர். தண்ணீர் அடைத்திருக்கிறது, எடுத்துவிடுகிறார்" என்றேன். சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த இளைஞர் மிதிவண்டியைச் சாய்த்துவிட்டுக் கால்வாய்க்குப் போனார். கையாலேயே போத்தல்களை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். என் மகன் ஒரு கம்பை ஒடித்துக்கொண்டு ஓடினான். அடைப்பு விலகியதும் தேங்கியிருந்த தண்ணீர் 'களக்' என்று குழாய்க்குள் இறங்கியது. "தெரிமா காசே, அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அப்பா குடையை உதறினார்.

பிறகு பேரனுக்குப் பாடம் நடந்தது. மலைச்சாலையை உடைப்பது லாரி இல்லையாம், தண்ணீராம். மலைப்பக்கம் வழிந்து வரும் மழைத்தண்ணீரைப் பிடிப்பதற்குத்தான் உள்பக்கக் கால்வாய். அந்தத் தண்ணீரை ரோட்டுக்கு அடியில் மறுபக்கம் கடத்துவதற்குத்தான் குழாய். குழாய் அடைத்தால் தண்ணீர் ரோட்டின் மேல் ஏறிக் குறுக்கே ஓடும். பள்ளத்துப் பக்க விளிம்பை அரிக்கும். மண்ணுக்குள் இறங்கும். மண் கனத்துப்போகும். நனைந்த மண் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் ஒருநாள் கீழே போகும். ரோட்டில் பிறைபோல வெடிப்பு தெரிந்தால், மரங்கள் ஒருபக்கம் சாய்ந்தால், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று செம்மண்ணாக வந்தால், அங்கே நிற்கக்கூடாது.

"மழை பேஞ்ச மறுநாளு, மண்டோர் லாரியில ஏத்துறதுக்கு முன்னாடியே நாங்க கால்வாயப் பார்க்கப் போயிடுவோம். ஒரு இலைக்குப்பைய எடுக்கலேன்னா ஒரு மாசத்துக்கு மண்ணு அள்ளணும்" என்றார்.

2022 டிசம்பரில் பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மேல் மலை சரிந்து 31 பேர் உயிரிழந்தது நினைவுக்கு வந்தது. அன்று தொலைக்காட்சிச் செய்தியை அப்பா ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மலைகளின் மண் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்த விஷயம்.

மணி பத்தரை. திரும்பலாமா என்று கேட்டேன். அப்பா பிரேசர் மலைக்குப் போகும் சாலையைப் பார்த்தார்.

"மேல என்னதான் இருக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நீங்க போனதே இல்லையாப்பா?"

"நம்ம செக்‌ஷன் கேப் வரைக்கும்தானே. அதுக்கு மேல வேற ஆளுங்க. வேலை இல்லாம அங்க எதுக்குப் போறது?"

36 ஆண்டுகளாக அந்த முச்சந்தியில் நின்று, மேலே போகும் கார்களைப் பார்த்திருக்கிறார். அவர்கள் போவதற்கான வழியைச் சுத்தமாக வைத்திருக்கிறார். 8 கிலோமீட்டர்தான். நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

போனோம். மூங்கிலும் பெரணியும் இருபுறமும் உரச, வளைந்து வளைந்து ஏறினோம். வழியெங்கும் அப்பாவின் கண் கால்வாயில்தான். மேலே கடிகாரக் கோபுரத்தின் அருகே நிறுத்தினோம். லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஈய வியாபாரியின் பெயர்தான் இந்த மலைக்கு. அவர் ஒருநாள் காணாமல் போய்விட்டார், என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது என்றெல்லாம் மகன் படித்ததைச் சொன்னான். அப்பா கல் கட்டடங்களையும் பூச்செடிகளையும் சுற்றிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாவும் சிரித்தார். ஒரு கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தோம். நெற்றியில் நெருப்புக்கொத்துபோல முடி வைத்த குக்குறுவான் ஒன்று மரத்தில் கத்திக்கொண்டிருந்ததை, இந்த முறை தாத்தாதான் முதலில் பார்த்தார். தொலைநோக்கியை அவர் கண்ணில் வைத்தான் பேரன். "அடேயப்பா" என்று ஒரே வார்த்தை. நெடுநேரம் அதைக் கீழே இறக்கவில்லை.

ஒரு மணிக்கு மேற்கே மேகம் கறுத்தது. மலையில் பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை பிடிக்கும். அதனால் இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுவதே நல்லது. கோலகுபு பாருவை நெருங்கும்போது நல்ல மழை. பின் இருக்கையில் பேரன் தாத்தாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அப்பா தூங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அந்தக் குழாயில தண்ணி இப்ப ஓடும்" என்றார்.

"ஓடும்ப்பா" என்றேன். பிறகு, இத்தனை வருடம் கழித்து, கேட்டேன். "பள்ளி பஸ்ஸு போறப்ப என்னப் பார்த்திருக்கீங்களாப்பா?"

"பார்க்காமயா? நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு இருப்ப." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "வெயிலு இந்தப் பக்கம் அடிக்கும்ல, அதான்னு நினைச்சுக்குவேன்."

நான் பதில் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

நீங்களும் ஒருநாள் கேப்புக்குப் போய் வாருங்கள். காசு செலவில்லாத இடம். அதிகாலையில் புறப்படுங்கள். மழையங்கியும் குடிக்கத் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். புல்லோரம் நடந்தால் அட்டை ஏறும், நீளமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள். குரங்குகளுக்குச் சாப்பாடு போடாதீர்கள். வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். கொண்டுபோன போத்தலையும் பையையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். நீங்கள் கால்வாயில் போடும் ஒரு போத்தல் போதும், ஒரு குழாய் அடைத்துக்கொள்ள. அதை எடுப்பதற்கு அங்கே என் அப்பா இப்போது இல்லை.